சுண்ணாம்பும் மக்காச்சோளமும்: மெக்சிகோ டோர்ட்டியாவை வீட்டில் சுடுவது எப்படி

மக்காச்சோள மாவைக் கடையில் வாங்கி, வெந்நீர் விட்டுப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்தால், மெக்சிகோக்காரர்கள் மடித்துத் தின்னும் மெல்லிய ரொட்டியான டோர்ட்டியா வராது. ஓரமெல்லாம் வெடிக்கும். கையில் எடுக்கும்போது நடுவில் கிழியும். கல்லில் போட்டால் விறைத்துப்போகும், மடித்தால் இரண்டாக உடையும். பத்து தடவை செய்தாலும் இதுதான் நடக்கும். கைப்பக்குவத்தில் குறை இல்லை. அரைப்பதற்கு முன்னால் மக்காச்சோள மணிக்குச் செய்யவேண்டிய ஒரு வேலை செய்யப்படவே இல்லை.

அந்த வேலை, சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறப்போடுவது. அப்படிப் பக்குவப்பட்ட மக்காச்சோளத்துக்கு மெக்சிகோவில் நிஷ்தமால் என்று பெயர். அங்கே வாழும் நாவாட்டல் மொழிக்காரர்களின் சொல் அது. அதன் முதற்பாதி சாம்பலைக் குறிக்கும், பிற்பாதி மக்காச்சோள மாவைக் குறிக்கும். சுண்ணாம்பு கிடைக்காத இடங்களில் அடுப்புச் சாம்பலைக் கரைத்த நீரில் வேகவைத்தார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளில் இது 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது.

வெளிநாடு போய் வந்து அந்த ஊர்ச் சாப்பாட்டை வீட்டில் பழகுகிறவர்கள் பெரும்பாலும் மேலே வைக்கும் பொரியலிலும் சாஸிலும்தான் தொடங்குகிறார்கள். மைதா டோர்ட்டியா பாக்கெட் ஒன்றை வாங்கி, அதற்குள் ராஜ்மாவும் சீஸும் வைத்துச் சுருட்டினால் வயிறு நிறையும், ஆனால் அங்கே சாப்பிட்ட ருசி வராது. வட மெக்சிகோவில் கோதுமை டோர்ட்டியா உண்டு, அது வேறு மரபு. நடு மெக்சிகோவிலும் தெற்கே வஹாக்காவிலும் சாப்பாடு என்றால் மக்காச்சோள டோர்ட்டியாதான். அதன் மணம் சுண்ணாம்பில் வெந்த மணியிலிருந்து வருவது. இதைக் கற்றுக்கொண்டால் உள்ளே வைப்பது வெறும் உப்பும் சல்சா என்ற தக்காளிச் சாஸுமாக இருந்தாலும் போதும்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது

மணியின் தோலையும் அதன் செல்சுவர்களையும் கட்டிவைத்திருக்கும் பொருளில் முக்கியமானது ஹெமிசெல்லுலோஸ். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான குணம், அதைக் கரைத்துப் பசையாக்கிவிடும். தோல் கழன்றுவரும், நீர் உள்ளே இறங்கும், மாவுச்சத்தின் ஒரு பகுதி வெந்து இளகும். கோதுமையில் மாவைப் பிடித்துவைக்கும் குளூட்டன் என்ற புரதம் செய்கிற வேலையை மக்காச்சோளத்தில் இந்தப் பசையும் பாதி வெந்த மாவும் சேர்ந்து செய்கின்றன. பஞ்சாபின் மக்கி ரொட்டி சுண்ணாம்பு போடாத மாவில் செய்வது. அதனால்தான் அதைக் கையால் தடிமனாகத் தட்டவேண்டியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டருக்குத் தட்டி மடிப்பதற்கு அந்த மாவு இடம் கொடுக்காது.

இன்னொரு பலன் உடம்புக்கு. மக்காச்சோளத்தில் உள்ள நயாசின் என்னும் வைட்டமின் வேறு பொருள்களோடு கட்டுண்டு கிடப்பதால் உடலால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துப்போனவர்கள் சுண்ணாம்பு முறையைக் கூடவே எடுத்துப்போகவில்லை. அதையே தினச்சோறாகத் தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறும் பெல்லாக்ரா நோய் வந்தது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதை விவரித்து எழுதினார். நயாசின் குறைவுதான் காரணம் என்று உறுதியானது 1937இல்தான். அத்தனை காலமும் மெக்சிகோவின் அடுப்பங்கரையில் அதற்கான தடுப்பு தினமும் கொதித்துக்கொண்டிருந்தது.

உணவில் சுண்ணாம்பு என்றதும் நாம் பயப்பட வேண்டியதில்லை. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிற ஊர் நம்முடையது. வெற்றிலையோடு நேராகவே வாயில் போடுகிறோம். எந்தச் சுண்ணாம்பு, எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும்.

மணியும் சுண்ணாம்பும் வாங்குவது

முற்றிக் காய்ந்த மக்காச்சோளம் வேண்டும். அவித்துத் தின்னும் ஸ்வீட் கார்னில் மாவுச்சத்து போதாது, அது உதவாது. மெக்சிகோவில் டோர்ட்டியாவுக்குப் பெரும்பாலும் வெள்ளை மணி. நம் சந்தையில் கிடைப்பது மஞ்சள். அதில் ருசி சற்றுத் தூக்கலாகவும் மாவு கொஞ்சம் முரடாகவும் இருக்கும், ஆனால் நன்றாகவே வரும். பாப்கார்ன் மணியிலும் செய்யலாம், அது கல்லைப்போல் இருப்பதால் வேகும் நேரம் கூடும்.

இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போவது. தீவனக் கடை மூட்டையில் பூஞ்சை பிடித்த மணி கலந்திருக்கலாம். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சை வேகவைத்துப் போக்கிவிட முடியாது. மளிகைக் கடையில் சமையலுக்கென்று விற்பதை வாங்கி, கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கிப் போடுங்கள். விதைக்கென்று விற்கும் மக்காச்சோளத்தை எந்த நிலையிலும் சமைக்கக் கூடாது. அதில் பூச்சிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் பூசியிருப்பார்கள். இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏற்றியிருப்பது அதற்கான அடையாளம்.

சுண்ணாம்பில், உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு தூள் கிடைத்தால் அதுவே நல்லது, நிறுக்கவும் எளிது. கிடைக்காவிட்டால் வெற்றிலைக்கு விற்கும் வெள்ளைச் சுண்ணாம்பு. நிறமோ வாசனையோ சேர்த்தது வேண்டாம். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் நீலமும் பசையும் கலந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். நீற்றாத சுட்ட சுண்ணாம்புக் கல்லும் வேண்டாம். நீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

எந்தச் சுண்ணாம்பானாலும் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் அருகில் இருக்கும்போது டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். பட்டுவிட்டால் கசக்காமல், ஓடும் நீரில் 20 நிமிடமாவது கண்ணைத் திறந்து கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

அளவு

காய்ந்த மக்காச்சோளம் அரைக் கிலோ, சுண்ணாம்புத் தூள் 5 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு என்று நினைவில் வைத்துக்கொண்டால் எந்த அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சுண்ணாம்புத் தூள் லேசானது. 5 கிராம் என்பது ஏறத்தாழ தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் வரும், ஆனாலும் சின்னத் தராசில் நிறுப்பதே சரி. வெற்றிலைச் சுண்ணாம்பாக இருந்தால் அதில் பாதி நீர்தான், 10 கிராமில் தொடங்குங்கள். இந்த அளவில் 30 முதல் 35 கிராம் உருண்டையாக 25க்கு மேல் டோர்ட்டியா கிடைக்கும். நான்கு பேருக்கு ஒரு வேளைக்குத் தாராளம்.

பாத்திரம் எவர்சில்வர், மண்சட்டி, எனாமல் எதுவும் ஆகும். அலுமினியம் மட்டும் ஆகாது. காரத்தன்மை அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும், அது மாவிலும் இறங்கும். குக்கர் அலுமினியம் என்றால் அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

வேகவைத்து ஊறப்போடுதல்

தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து அடுப்பில் வையுங்கள். முழுதும் கரையாது, அடியில் வெள்ளையாகத் தங்கும். சுண்ணாம்பு நீரில் மிகக் கொஞ்சமே கரையும். நீர் சூடாகச் சூடாக இன்னும் குறைவாகத்தான் கரையும். அதனால் கலங்கலைப் பார்த்துவிட்டு மேலும் அள்ளிப் போடக் கூடாது. கழுவிய மக்காச்சோளத்தைச் சேர்த்ததும் மணி பளிச்சென்று மஞ்சளாக மாறும். வெள்ளை மணியும் மஞ்சளாகும். அப்படி மாறினால் சுண்ணாம்பு போதுமான அளவில் இருக்கிறது. மாறாவிட்டால் சுண்ணாம்பு பழையதாகி வீரியம் போயிருக்கும், இன்னும் 2 கிராம் சேர்க்கலாம்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மெல்லச் சலசலக்கும் நிலையில் 40 நிமிடம் விடுங்கள். நம் ஊர்க் கெட்டி மணிக்கு 50 நிமிடம்கூட ஆகலாம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிளறினால் தங்கிய சுண்ணாம்பு எல்லா மணிக்கும் போய்ச் சேரும்.

நேரத்தைவிட நம்பகமானது மணியைப் பார்ப்பது. ஒன்றை எடுத்துக் கழுவி விரலால் தேய்த்தால் தோல் வழுவழுவென்று கழலவேண்டும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளிப்பாகம் வெந்து, நடுவில் மட்டும் வெள்ளைப் புள்ளியாக வேகாத மாவு தெரியவேண்டும். கடித்தால் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புத் தரவேண்டும். இதுதான் பதம். சுண்டல்போல் குழைந்துவிட்டால் அரைக்கும்போது களியாகி, தட்டும்போது தாளோடு ஒட்டிக்கொண்டே வரும். முதல் தடவை செய்கிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். நன்றாக வேகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வேகாத மாவுக்குக் கல்லில் இன்னொரு வேக்காடு பாக்கி இருக்கிறது, அதை மறக்கக் கூடாது.

அடுப்பை அணைத்து, மூடி, அப்படியே 8 முதல் 12 மணி நேரம். ராத்திரி வேகவைத்தால் காலையில் அரைக்கலாம். நீர் காரத்தன்மையோடு இருப்பதால் நம் வெயில் காலத்திலும் ஒரு ராத்திரியில் புளித்துப்போகாது. ஒரு பகல் ஒரு இரவு என்று இழுத்தால் மணி அளவுக்குமீறி ஊறி, மாவு பசபசவென்று ஆகும்.

அலசுவதில் ஒரு நிதானம்

நீரை வடித்துவிட்டு மணியைக் கைக்குள் வைத்துத் தேய்த்து இரண்டு தண்ணீரில் அலசுங்கள், மிஞ்சினால் மூன்று. கையால் தொட்டால் வழவழப்பு போகவேண்டும், ஒரு மணியை வாயில் போட்டால் நாக்கு சுள்ளென்று இருக்கக் கூடாது. அதற்குமேல் அலசவேண்டாம். எல்லாத் தோலையும் ஒன்றுவிடாமல் எடுக்கவேண்டும் என்று உட்கார்ந்து தேய்த்தால், மாவைக் கட்டிவைக்கும் பசையையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள். அந்த மாவு தட்டும்போதே வெடிக்கும். மூன்றில் ஒரு பங்குத் தோல் மணியோடு இருக்கட்டும். பொசோலே என்ற சூப்புக்கு மணியை முழுசாக மலரவிட வேண்டும் என்றால் மட்டும் தோலை முழுவதும் நீக்குவார்கள்.

வடித்த மஞ்சள் நீருக்கு நெஹயோத்தே என்று பெயர். காரத்தன்மை அதிகம் என்பதால் செடிகளுக்கு ஊற்றாதீர்கள்.

அலசிய மணியை வடிகட்டியில் அரைமணி நேரம் வைத்து, துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். காரணம் அடுத்த வேலையில் தெரியும்.

அரைத்தல்

மெக்சிகோவில் இதை அரைத்த பழைய கருவி மெத்தாத்தே. மூன்று காலில் நிற்கும் சாய்ந்த கல், அதன்மேல் இரண்டு கையாலும் பிடித்து இழுக்கும் குழவி. பார்த்தால் நம் அம்மியின் உறவு என்றே தோன்றும், வேலையும் அதேதான். வீட்டில் அம்மி இருந்து, தோளில் தெம்பும் இருந்தால் இதைவிட நல்ல மாவு எதிலும் கிடைக்காது. ஒரு கையளவு மணியை வைத்து, தண்ணீர் தெளிக்காமல் முதலில் நசுக்கி, இரண்டாம் இழுப்பில் ஈரக் கையால் தொட்டுத் தொட்டு அரைத்தால் போதும். இன்று அங்கே பெரும்பாலானோர் பக்கெட்டில் மணியை எடுத்துக்கொண்டு தெருமுனை மொலினோவுக்குப் போய் அரைத்து வருகிறார்கள், நாம் மாவு மில்லுக்குப் போவதைப்போல.

வீட்டில் வெட் கிரைண்டர், மிக்ஸி இரண்டிலும் செய்யலாம். இரண்டிலும் ஒரே சிக்கல்தான்: தண்ணீர். தோசை மாவுக்குப் பழகிய கை தண்ணீரைத் தாராளமாக விட்டுவிடும். இங்கே நமக்கு வேண்டியது ஊற்றும் மாவு இல்லை, உருட்டும் மாவு.

டேபிள் டாப் வெட் கிரைண்டரில் கல்லை ஓடவிட்டு, மணியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். ஓரத்தில் ஏறும் மாவைத் தள்ளுகட்டையால் கல்லுக்கு அடியில் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் கல் வெறுமனே சுற்றும். அரைக் கிலோ மணியை ஒரேயடியாகப் போடாமல் இரண்டு தடவையாக, தடவைக்கு 15 நிமிடம் அரைத்தால் மாவு நைஸாக வரும். மோட்டார் முனகினால் ஒரு கரண்டி தண்ணீர் கூடுதலாக விடுங்கள். கொஞ்சம் இளகிய மாவைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம்.

மிக்ஸியில் ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, விட்டு விட்டு ஓட்டி, வழித்து, மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி மாவு வெந்து ரப்பர்போல் ஆகும். மிக்ஸி மணியை வெட்டுமே ஒழிய அரைக்காது. ரவைப் பதத்துக்குமேல் நைஸாவது கடினம். மெல்லிய டோர்ட்டியாவுக்கு அது போதாது. சோப்பே, மெமேலா போன்ற தடித்த வகைகளுக்கு நன்றாகவே பொருந்தும்.

அரைத்த மாவை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மெல்லிய குருணை நெருடவேண்டும், பெரிய துணுக்கு எதுவும் தட்டுப்படக் கூடாது. துணுக்கு இருந்தால் அந்த இடத்தில் ஆவி வெளியேறி டோர்ட்டியா உப்பாமல் போகும்.

இளகிவிட்ட மாவைச் சரிசெய்ய, பருத்தித் துணியில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு 20 நிமிடம் விட்டால் ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். மாசா ஹரினா பாக்கெட் கையில் இருந்தால் இரண்டு மூன்று கரண்டி சேர்க்கலாம். அதுவும் சுண்ணாம்பில் வேகவைத்துக் காயவைத்த மாவு என்பதால் ஒத்துப்போகும். சாதா மக்காச்சோள மாவு, கார்ன்ஃப்ளார், மைதா இவற்றைச் சேர்த்தால் மாவு கெட்டியாகும், டோர்ட்டியா மட்டும் கெட்டுவிடும்.

மாசா ஹரினாவிலேயே நேராகச் செய்யலாமா என்றால், செய்யலாம். அவசரத்துக்கும் பழகுவதற்கும் அது நல்லது. 200 கிராம் மாவுக்கு 280 முதல் 300 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து அரைமணி நேரம் மூடிவைக்கவேண்டும். தட்டுவதையும் சுடுவதையும் முதலில் இதில் கைவரப் பழகிக்கொண்டு, பிறகு மணியிலிருந்து தொடங்கினால் எது மாவின் கோளாறு, எது கையின் கோளாறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியும்.

தட்டுதல்

மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு 15 நிமிடம் வையுங்கள். உப்போ எண்ணெயோ வேண்டியதில்லை. பதம் கொழுக்கட்டை மாவைவிட ஒரு சொட்டு இளகலாக இருக்கவேண்டும். ஒரு சின்ன உருண்டையை உள்ளங்கையில் அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாது, ஒரு டீஸ்பூன் தெளித்துப் பிசையவேண்டும். கையில் மாவு ஒட்டி நின்றால் ஈரம் அதிகம். ஓரம் மழமழவென்று வந்து கையும் சுத்தமாக இருந்தால் சரி. மக்காச்சோள மாவு உட்கார உட்காரக் காயும். நடுவில் மறுபடி ஈரக் கையால் பிசையவேண்டி வரும்.

அழுத்துவதற்குப் பூரி பிரஸ் போதும். மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள் கட்டாயம். கழுவித் துடைத்த கனமான பால் கவரை இரண்டு பக்கமும் வெட்டி விரித்தால் அருமையாக உதவும். பிரஸ் இல்லாவிட்டால் உருண்டையை இரண்டு தாளுக்கு நடுவே வைத்து, அடி தட்டையான கனத்த தட்டால் அழுத்துங்கள். கட்டையால் தேய்க்கவேண்டாம், இழுத்தால் கிழியும். ஒரு அழுத்து, தாளோடு அரைச்சுற்றுத் திருப்பி லேசாக இன்னொரு அழுத்து. இரண்டு மில்லிமீட்டர் கனம், 14 சென்டிமீட்டர் அகலம் என்பது நல்ல அளவு. இன்னும் மெல்லியதாக்கினால் உப்புவதற்கு உள்ளே ஈரம் இருக்காது.

மேல்தாளை உரித்து, டோர்ட்டியாவைக் கையில் கவிழ்த்து, அடித்தாளை மெல்ல உரியுங்கள். தாளிலிருந்து மாவை எடுக்க முயலாதீர்கள், மாவிலிருந்து தாளை எடுங்கள். டோர்ட்டியாவின் பாதி விரல்களின்மேலும் பாதி வெளியே தொங்கியபடியும் இருக்கட்டும். தொங்கும் பாதி முதலில் கல்லைத் தொட, கையைப் பின்னுக்கு இழுத்தால் சுருக்கமில்லாமல் விழும். மேலிருந்து எறிந்தால் அடியில் காற்று சிக்கி அங்கங்கே வேகாமல் போகும்.

சுடுதல்

மெக்சிகோவின் கோமால் என்பது மண்ணிலோ இரும்பிலோ செய்த தட்டைக் கல். வஹாக்காவின் மண் கோமாலுக்குச் சுண்ணாம்பு நீர் பூசி மாவு ஒட்டாமல் பார்த்துக்கொள்வார்கள். நம் இரும்பு தோசைக்கல் அதற்குச் சரியான மாற்று. எண்ணெய் தடவவே கூடாது. நான்ஸ்டிக் வேண்டாம், இந்தச் சூட்டுக்கு அந்தப் பூச்சு தாங்காது.

கல்லை நடுத்தரத் தீயில் குறைந்தது 8 நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓடி நொடியில் மறையவேண்டும். கையில் வெப்பமானி இருந்தால் 230 முதல் 250 டிகிரி செல்சியஸ்.

இனி மூன்று பக்கம். டோர்ட்டியாவுக்கு இருப்பது இரண்டு பக்கம்தான், திருப்பிப்போடும் கணக்கு மூன்று. முதல் பக்கம் 15 முதல் 20 நொடி. ஓரம் லேசாக வெளுத்துக் கல்லைவிட்டு எழும்பியதும் திருப்புங்கள். இங்கே நின்றுவிட்டால் மேல்புறம் காய்ந்து விறைத்து, பிறகு உப்பாது. இரண்டாம் பக்கம் 45 நொடி முதல் ஒரு நிமிடம், அடியில் பழுப்புப் புள்ளிகள் விழும்வரை. மறுபடி திருப்பினால் மூன்றாவது, அதாவது முதலில் சுட்ட பக்கம், 15 முதல் 30 நொடி. இப்போது தீயைக் கூட்டி, விரல் நுனியாலோ மடித்த துணியாலோ நடுவில் லேசாகத் தட்டினால் பூரிபோல் உப்பி எழும். உப்புவது அழகுக்கு இல்லை. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி மாவை உள்ளிருந்து வேகவைக்கிறது என்பதன் அடையாளம் அது. உப்பிய டோர்ட்டியா மடித்தால் உடையாது.

உப்பாவிட்டால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் கல்லின் சூடு. பத்தில் எட்டு தடவை அதுதான். அடுத்து மாவின் ஈரம். உருண்டை ஓரம் வெடித்ததா என்று பார்த்தால் தெரியும். அதற்கப்புறம் அரைப்பில் குருணை, கடைசியாகக் கனத்தில் ஏற்றத்தாழ்வு. முதலில் சுடும் ஒன்றிரண்டு பெரும்பாலும் உப்பாது, அவற்றைக் கல்லின் சூட்டைச் சோதிக்கச் சுட்டதாக வைத்துக்கொண்டு தீயைச் சரிசெய்யுங்கள்.

கசப்போ சோப்பு வாடையோ அடித்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது அல்லது அலசல் போதவில்லை. அந்த மாவை மீட்க வழியில்லை. கழுவிய மணியாக இருக்கும்போதே ருசிபார்த்தால் இந்த நிலை வராது.

சுட்டதை அப்படியே தட்டில் வைத்துப் பரிமாறினால் இத்தனை வேலையும் பாதிக்குப் பாதி வீண். ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியில் சுற்றி, மூடிய கூடையிலோ ஹாட்பாக்ஸிலோ 10 நிமிடம் வைக்கவேண்டும். சொந்த ஆவியில் அவை இளகி, பட்டுபோல் மடியும். கல்லிலிருந்து எடுத்தபோது கொஞ்சம் முரடாகத் தெரிந்த டோர்ட்டியாகூட இங்கே தேறிவிடும்.

கூடவே ஒரு சல்சா

அதே சூடான கல்லில் நாட்டுத் தக்காளி 400 கிராம், பச்சை மிளகாய் 2 அல்லது 3, தோலுரிக்காத பூண்டு 2 பல், கால் வெங்காயம் எல்லாவற்றையும் எண்ணெயில்லாமல் சுடுங்கள். தக்காளித் தோல் நன்றாகக் கருகி, உள்ளே குழையவேண்டும், 12 முதல் 15 நிமிடம் ஆகும். பூண்டை 6 நிமிடத்தில் எடுத்துத் தோலுரித்துவிடுங்கள், கருகினால் கசக்கும். மிளகாயைக் கீறிவிட்டுச் சுட்டால் வெடிக்காது.

மெக்சிகோவில் இதை மொல்காஹெத்தே என்ற எரிமலைக்கல் உரலில் நசுக்குவார்கள், நம் வீட்டு இடிகல் போதும். முதலில் முக்கால் டீஸ்பூன் கல்லுப்பும் பூண்டும், அவை விழுதானதும் மிளகாய், கடைசியில் தக்காளி. வெங்காயத்தையும் மல்லித்தழையையும் பொடியாக அரிந்து மேலே போட்டுக் கலக்கவும். மிக்ஸி என்றால் மூன்று சுற்று, அவ்வளவே. நைஸாக அரைத்தால் காற்றேறி வெளிறிப்போகும். கடுகு தாளிக்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம், தாளித்தால் இது தக்காளிச் சட்னி ஆகிவிடும். கருகிய தோலின் மணம்தான் இதற்குத் தாளிப்பு. மிளகாயும் தக்காளியும் நமக்கு வந்துசேர்ந்ததே அந்த மண்ணிலிருந்து, கடல்வழியாக. அங்கே அவை எப்படி ருசிக்கின்றன என்பதை ஒருமுறை கலப்படமில்லாமல் தெரிந்துகொள்வது நல்லது.

மெக்சிகோ போகிறவர்கள் கவனிக்க

சந்தையில் டோர்ட்டியா சுடும் பெண்களிடம் செய்முறை கேட்பதைவிட, திருப்பிப்போடும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். அனுமதி கேட்டு ஒரு உருண்டை மாவைக் கையில் அழுத்திப் பாருங்கள். அந்தப் பதம் விரலில் பதிந்துவிட்டால் கிராம் கணக்கு தேவைப்படாது. பெட்டியில் இடமிருந்தால் காய்ந்த மிளகாயைவிட இரும்பு பிரஸ் பயன் தரும், கனம் மட்டும் இரண்டு கிலோவைத் தாண்டும். மண் கோமால் உடைந்துதான் வந்துசேரும். நீலமும் சிவப்புமாக இருக்கும் மக்காச்சோள மணியைப் பார்த்து ஆசைப்பட்டு அள்ளிவராதீர்கள். முளைக்கக்கூடிய தானியத்தை அனுமதிச் சான்று இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது.

மிச்சமானால்

மாவு அன்றைக்கே தீர்ந்தால் நல்லது. ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், பிறகு புளிப்பு ஏறும். அலசி வடித்த மணியாக ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம்கூட இருக்கும். வேண்டும்போது எடுத்து அரைத்துக்கொள்ளலாம். இந்த வேலையை வாரக்கடைசியில் மொத்தமாக முடித்துவைக்க விரும்புகிறவர்களுக்கு இதுவே வசதி.

சுட்ட டோர்ட்டியா ஃப்ரிட்ஜில் விறைத்துக்கொள்ளும், மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகுவதால். இரண்டு பக்கமும் ஈரக் கையால் தடவி, நன்கு காய்ந்த கல்லில் பக்கத்துக்கு 20 நொடி போட்டால் பழையபடி மடியும். மூன்றாம் நாள் அதுவும் நடக்காது. அப்போது ஆறு முக்கோணமாக வெட்டி, ஒரு மணி நேரம் காற்றாடக் காயவிட்டு, 175 டிகிரி எண்ணெயில் பொரித்தெடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் குடித்துத் தோல்போல் ஆகும், அதனால்தான் காயவிடுவது. பொரித்ததை, கொதிக்கும் சல்சாவில் போட்டு இரண்டே நிமிடம் புரட்டி, மேலே ஒரு முட்டையும் கொஞ்சம் பன்னீர் உதிர்த்ததும் வைத்தால் சிலாக்கிலேஸ், மெக்சிகோவின் காலைப் பலகாரம். ஓரம் நனைந்து, நடு மொறுமொறுப்பாக இருக்கும்போதே சாப்பிடவேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் கூழாகிவிடும்.